1775 என்று அச்சிட்டிருந்தால் முதற்பதிப்பா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறேன். சாமுவேல் ஜான்சன் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போய்வந்து எழுதிய பயண நூலின் 1775ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘முதற்பதிப்பு’ என்கிறார் கடைக்காரர். கூடவே ஹியூ பிளேர் என்ற பாதிரியாரின் பிரசங்கத் தொகுதிகளையும், ‘இருநூறு ஆண்டு பழையவை, இனி கிடைக்காது’ என்று சொல்லிச் சேர்த்து வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: ஆண்டை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். லண்டனில் ஸ்ட்ராஹனும் காடெலும் வெளியிட்டதுதான் முதற்பதிப்பு. அன்றைய பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்தில் செல்லாது என்பதால், டப்ளின் பதிப்பாளர்கள் அதே 1775இல் தாங்களும் அச்சிட்டு விற்றார்கள். எனவே தலைப்புப் பக்கத்தின் அடியில் எந்த ஊர், யார் பெயர் என்று முதலில் பாருங்கள்.

லண்டன் என்றே இருந்தாலும் வேலை முடியவில்லை. அந்த ஆண்டிலேயே அங்கே இரண்டாம் முறையும் அச்சானது. இரண்டையும் பிரித்தறிய நல்ல அடையாளம் பிழைதிருத்தப் பட்டியல்: முதல் அச்சில் 12 வரி, அடுத்ததில் 6 வரி. அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் முதற்பதிப்பின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். அக்காலத்துத் தாளில் சற்றே இடைவெளி விட்டு ஓடும் கம்பித் தடங்கள் தெரியும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல் அச்சாகியிருக்கும். தோல் அட்டை புதிதாகத் தெரிந்தால் மட்டும் பதற வேண்டாம். அன்று பல நூல்கள் சாதாரண அட்டையோடு விற்கப்பட்டன. வாங்கியவர்தான் தம் வசதிக்கேற்பத் தோலில் பைண்டிங் செய்துகொண்டார். பின்னாளில் மாற்றிக் கட்டியிருந்தால் விலை குறைய வேண்டும், அவ்வளவுதான். முதுகும் அட்டையும் சேரும் இடம் விரிசல் விட்டிருக்கிறதா என்பதே பெரிய கேள்வி. அதைச் சரிசெய்யும் கூலி சில சமயம் நூலின் விலையையே எட்டிவிடும்.

பிளேர் விஷயத்தில் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அவருடைய பிரசங்கங்களை முதலில் வேண்டாம் என்ற அதே ஸ்ட்ராஹன், ஜான்சன் ஒரு பிரசங்கத்தைப் படித்துப் பாராட்டிய பிறகே வெளியிட முன்வந்தார். 1777இல் வந்த முதல் தொகுதி பதிப்புமேல் பதிப்பாக விற்றது. ஐந்தாம் தொகுதி 1801இல் வந்தது. அவ்வளவு அச்சானதால்தான் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. தொகுதிகள் வெவ்வேறு பதிப்புகளிலிருந்து சேர்க்கப்பட்டிருப்பதும் சகஜம். படிக்க ஆசைப்பட்டால் சொற்ப விலைக்கு வாங்குங்கள். முதலீடு என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால், நூல் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமை பிரிட்டனில் உண்டு. தனியாரிடமோ, நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்திலோ அந்த உரிமை கிடையாது. ஏலத்தில் கேட்ட விலைக்கு மேல் கமிஷனும் அதற்கு வரியும் சேரும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: தாமஸ் பெய்னின் ‘மனித உரிமைகள்’, 1791 என்ற விளம்பரத்தைப் பார்த்து, இங்கிலாந்திலுள்ள ஒரு கடையில் கிரெடிட் கார்டில் 180 பவுண்டு கட்டினேன். வந்தது பளபளக்கும் அட்டையுடன் புதிய தாளில் அச்சிட்ட நூல். ‘மூல நூலின் ஆண்டைத்தான் போட்டோம்’ என்கிறார்கள்.

பதில்: இது ஸ்கேன் செய்த படங்களிலிருந்து ஆர்டர் வந்ததும் அச்சடித்துத் தரும் நகல். அந்தப் பதிலை ஏற்காதீர்கள். விளம்பரத்தில் மறு அச்சு என்று சொல்லாமல் 1791 என்றே போட்டிருந்தால், பொருள் விவரிப்புக்கு ஒத்துவரவில்லை என்று 30 நாட்களுக்குள் எழுத்தில் நிராகரித்து முழுத் தொகையையும் கேளுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. விளம்பரப் பக்கத்தை இப்போதே படமெடுத்து வையுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். கடை மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியை அணுகுங்கள். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குக் கடையோடு வங்கியும் பொறுப்பாளி.

அடுத்த முறை அசலைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெய்னின் நூலை முதலில் அச்சிட்ட ஜோசப் ஜான்சன், அரசுக்கு அஞ்சிப் பின்வாங்கினார். அடுத்த மாதம் ஃப்ளீட் தெருவின் ஜே.எஸ். ஜோர்டன் வெளியிட்டார். ஜான்சன் பெயருள்ள பிரதி மிக அபூர்வம், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஜோர்டன் பெயருள்ளதை அந்த விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.