மடியில் கிடத்தி வாசிக்கும் கிட்டார்: நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

மடியில் மல்லாத்தி வைத்து, இடக்கையில் எஃகு உருளையைப் பிடித்துத் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கும் மரக் கிட்டார்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நம் நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். கோவையில் பல ஆண்டுகளாகத் தந்திக் கருவிகளைச் செப்பனிட்டு வருபவன் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன். தட்டையான மேல்பலகை கொண்ட கிட்டாரை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டேன். உலோகக் கிண்ணம் பதித்த டோப்ரோ வகையின் இலக்கணம் வேறு. படிக்கும் முன் நான்கு சொற்கள்: கிட்டாரின் தலைப்பக்கம் தந்திகள் படியும் சிறு துண்டு நட்; மேல்பலகையில் ஒட்டிய, தந்திகள் முடியும் மரத்துண்டு பிரிட்ஜ்; அதன்மேல் தந்திகளைத் தாங்கும் மெல்லிய துண்டு சேடில்; கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகள் ஃபிரெட்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவர்: ஐயா, என்னிடம் இருப்பது சாதாரண கிட்டார். சேடிலை உயர்த்திவிட்டால் மடியில் வைத்து வாசிக்கலாம் என்று நண்பன் சொல்கிறான். அது சரிதானா?

தம்பி, சேடிலைத் தொட வேண்டாம், நட்டை உயர்த்துங்கள். உருளை ஃபிரெட் கம்பிகளில் இடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தந்திகளைத் தூக்குகிறோம். அதற்கு நட் பக்கத்தில் தந்திகள் ஏறத்தாழ 10 மி.மீ. உயரத்தில் நின்றாலே போதும். இருக்கும் நட்டின் மேல் தொப்பிபோல் கவிழ்த்து வைக்கும் உலோக நட் ஒன்று விற்கிறது. அதை வைத்தால், பிரிட்ஜ் பக்கம் எதையும் மாற்றாமலே, 12-ஆம் ஃபிரெட்டின் மேல் 6 மி.மீ. அளவுக்கு இடைவெளி கிடைத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் தந்தியைத் தளர்த்தி அதை எடுத்துவிடலாம், கிட்டார் பழையபடி ஆகிவிடும்.

சேடிலை உயர்த்துவது அப்படிப்பட்டதல்ல. தந்திகள் மேல்பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றனவோ, அந்த அளவுக்குப் பிரிட்ஜை முன்னோக்கிப் புரட்டும் விசை கூடும். 12 மி.மீ. உயரத்தில் நின்ற தந்தியை 16 மி.மீ. உயரத்துக்கு ஏற்றினால், அந்த விசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மேல்பலகையோ மூன்று மி.மீ. பருமன்கூட இல்லாத மெல்லிய பலகை. தொழில் பழகிய காலத்தில் ஒருவருக்காகச் சேடிலை உயர்த்திக் கொடுத்தேன். ஒரே கோடையில் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை வயிறு தள்ளிவிட்டது. அது என் பிழை. அந்தக் கிட்டாரைத் திறந்து உள்சட்டங்களை மீண்டும் ஒட்டிக் கொடுத்த பிறகு, திரும்ப எடுக்க முடியாத எந்த மாற்றத்தையும் நான் எளிதில் செய்வதில்லை.

கரூர், வாசிப்பவர்: டோப்ரோ வாசிப்பவர்களைப் போல ஜி, பி, டி, ஜி, பி, டி என்று சுருதி கூட்டினேன். தடித்த தந்திகள் முறுக்கேறி, பிரிட்ஜ் லேசாக எழும்புவதுபோல் தெரிகிறது.

உடனே அந்த இரண்டு தந்திகளையும் தளர்த்திவிடுங்கள். தந்தியின் இழுவிசை சுருதியின், அதாவது அதிர்வெண்ணின், வர்க்க விகிதத்தில் ஏறும். 6-ஆம் தந்தியை ஈ-யிலிருந்து ஜி-க்கு மூன்று அரைச்சுருதி (ஒரு ஃபிரெட் ஓர் அரைச்சுருதி) ஏற்றினால் இழுவிசை 41 விழுக்காடு கூடுகிறது. 5-ஆம் தந்தியை ஏ-யிலிருந்து பி-க்கு ஏற்றினால் 26 விழுக்காடு கூடுகிறது. 12-53 என்று (தந்திகளின் பருமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) விற்கும் சாதாரணத் தந்தித் தொகுப்பு வழக்கமான சுருதியில் மொத்தம் 74 கிலோ அளவுக்கு இழுக்கும். உங்கள் சுருதியில் அது 80 கிலோவாகிறது. அந்தக் கூடுதல் சுமை முழுவதும் பிரிட்ஜின் ஒரே ஓரத்தில் விழுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஜி சுருதியே வேண்டுமென்றால், 6-ஆம் தந்தியின் இடத்தில் 5-ஆம் தந்தியைக் கட்டி ஜி-க்கு இறக்குங்கள்; 5-ஆம் இடத்துக்கு 36 பருமனுள்ள தந்தியைத் தனியாக வாங்கிக் கட்டுங்கள். அல்லது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி என்று கூட்டுங்கள். அதில் எந்தத் தந்தியும் வழக்கமான சுருதிக்கு மேல் ஏறாது, நான்கு தந்திகள் இறங்கும், மொத்த இழுவிசையும் 66 கிலோ அளவில் நின்றுவிடும். சாதாரண கிட்டாரை மடியில் வைப்பவர்களுக்கு நான் இந்த டி சுருதியைத்தான் சொல்வேன். தளர்ந்த தந்தியில் நாதமும் ஆழமாக இருக்கும்.

கோபிசெட்டிபாளையம், இசை ஆசிரியை: கர்நாடக இசையை இதில் வாசிக்க எப்படிச் சுருதி கூட்டுவது? நம் கோட்டுவாத்தியத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மேலே சொன்ன டி சுருதியில் எஃப் ஷார்ப் தந்தி அந்தர காந்தாரமாக ஒலித்துக்கொண்டே இருக்கும். காந்தாரம் அதைவிடத் தாழ்ந்து நிற்கும் கரகரப்பிரியாவிலோ தோடியிலோ அது இடைஞ்சல். ஆகவே 3-ஆம் தந்தியைக் கழற்றிவிட்டு, அங்கே 2-ஆம் தந்தியின் பருமனில் இன்னொரு தந்தியைக் கட்டி, ஏ-க்குக் கூட்டுங்கள். தடித்த தந்தியிலிருந்து ஸ, ப, ஸ, ப, ப, ஸ என்று இரண்டு கட்டையில் சுருதி நிற்கும். எந்த ராகத்துக்கும் அது பகையாகாது.

வீணையைப் போன்ற உருவமுள்ள கோட்டுவாத்தியத்தில் ஃபிரெட் போன்ற மெட்டுகளே கிடையாது. வழுக்குவதற்குக் கருங்காலி போன்ற மரத்தாலான உருளையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். மரம் தந்தியில் படும்போது எழும் மென்மையும், எஃகு படும்போது எழும் நீண்ட கார்வையும் வேறுவேறு. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் அந்த வாத்தியத்தில் வளர்த்த வழி நமக்குப் பெரிய சொத்து. கிட்டாரில் கமகம் பழகுபவர்கள் முதலில் அவர்கள் மரபைச் செவியில் ஏற்றிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஹவாய் இசையில் உருளை ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு நேராக வழுக்கிப் போய் நிற்கும்; நம் கமகத்தில் அது சுரத்தைச் சுற்றி அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கருவி ஒன்றாக இருந்தாலும் கைப்பழக்கம் வேறு. உருளைக்குப் பின்னால் இருக்கும் விரல்களைத் தந்தியில் மெல்லப் படியவிட்டு அடக்கப் பழகுங்கள், அம்மிணி. இல்லாவிட்டால் பின்பக்கத் தந்தியும் சேர்ந்து ஒலித்து, சுரம் கலங்கிப்போகும்.

மேட்டுப்பாளையம், வாசகர்: வைசன்போர்ன் என்று ஒரு கிட்டாரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அதன் கழுத்தே குழிவாக இருக்குமாமே?

ஆம். ஹவாயின் ஓஹு தீவைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்பவரே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வாசிப்பு முறையை உருவாக்கியவராகப் போற்றப்படுகிறார். 1904-இல் அவர் அமெரிக்கப் பெருநிலத்துக்குச் சென்றார். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அங்கே ஹவாய் இசை மோகம் பெருகியது. அந்த மோகத்தையொட்டிய ஆண்டுகளில் கிறிஸ் நுட்சனும், அவரையடுத்து லாஸ் ஏஞ்சலிஸில் ஜெர்மனியில் பிறந்த ஹெர்மன் வைசன்போர்னும் (1863-1937), மடியில் வைப்பதற்கென்றே கிட்டார் செய்தார்கள். விரல்களால் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டியதில்லை என்றால், அது உருண்டையாகவோ திண்மையாகவோ இருக்கத் தேவையில்லை அல்லவா? ஆகவே உடலின் வெற்றிடம் கழுத்துக்குள்ளும் நீண்டு, தலைப்பகுதிவரை போகும். உடல் ஆழம் குறைந்தது, மரம் ஹவாயில் மட்டுமே வளரும் கோவா, ஃபிரெட் இருக்க வேண்டிய இடங்களில் பதித்த கோடுகள் மட்டும். குறைந்த எடையில் இவ்வளவு கார்வை தரும் மரக் கருவி எனக்குத் தெரிந்து வேறில்லை. மார்ட்டின் நிறுவனமும் கிப்சன் நிறுவனமும் 1920-களிலும் 30-களிலும் ஹவாயன் கிட்டார்கள் செய்தன; அவை திண்மையான கழுத்துடைய, வழக்கமான உருவம் கொண்டவை.

உடுமலை, வாசிப்பவர்: நட்டை உயர்த்திவிட்டேன். உருளை 12-ஆம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே இருந்தும், தடித்த தந்தி சற்று இறங்கியே ஒலிக்கிறது. என் காதில் கோளாறா?

உங்கள் காது சரியாக இருக்கிறது. விரலால் அழுத்தும்போது தந்தி கொஞ்சம் நீண்டு சுருதி ஏறும்; அதை ஈடுகட்டவே சாதாரண கிட்டாரில் சேடிலைச் சாய்வாக வைத்து, தடித்த தந்தியை 3 மி.மீ. அளவுக்குக் கூடுதல் நீளமாக விடுகிறார்கள். உருளை தந்தியை அழுத்துவதில்லை, தொட்டுக்கொண்டு போகிறது. ஈடுகட்ட எதுவும் இல்லாத இடத்தில் அந்தச் சாய்வே பிழையாகிவிடுகிறது. கணக்குப் போட்டால், 12-ஆம் ஃபிரெட்டில் மெல்லிய தந்தியைவிடத் தடித்த தந்தி ஏறத்தாழ 8 சென்ட் இறங்கியிருக்கும். அரைச்சுருதி என்பது 100 சென்ட். ஹவாயன் கிட்டார்களில் சேடில் நேராக இருப்பதன் காரணம் இதுதான்.

இதற்காகப் பிரிட்ஜில் புதிய காடி வெட்டாதீர்கள். எலும்பில் இன்னொரு சேடில் இழைத்து, தடித்த தந்திப் பக்கம் அதன் முகட்டை முன்னோக்கியும் மெல்லிய தந்திப் பக்கம் பின்னோக்கியும் அரத்தால் அராவிக்கொண்டால், பிழை பாதிக்கு மேல் குறைந்துவிடும். பழைய சேடிலைப் பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

தாராபுரம், ஆர்வலர்: மோகன வீணைபோல என் கிட்டாரில் பன்னிரண்டு தரப் தந்திகளை (மீட்டாமலே உடன் அதிர்ந்து ஒலிக்கும் தந்திகளை) சேர்க்க ஒரு தச்சரிடம் பேசிவிட்டேன். எதைக் கவனிக்க வேண்டும்?

அன்புகூர்ந்து அதை நிறுத்திவையுங்கள். இந்துஸ்தானி இசையைக் கிட்டாருக்குக் கொண்டுவந்த பிரிஜ் பூஷண் காப்ரா, மோகன வீணையை உருவாக்கி 1994-இல் கிராமி விருது பெற்ற விஸ்வ மோகன் பட் ஆகிய இருவரும் கையாண்டது வளைந்த மேல்பலகை கொண்ட ஆர்ச்டாப் வகை. அந்த வகையில் தந்திகள் பிரிட்ஜைத் தாண்டிப் போய், உடலின் அடிப்பக்க விளிம்பில் திருகப்பட்ட தகட்டில் முடிகின்றன. இழுவிசையை விளிம்பு தாங்குகிறது. பிரிட்ஜ் பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அவ்வளவே. வளைவுப் பலகை பாலத்தின் வளைவைப்போல அந்த அழுத்தத்தைத் தாங்கும்.

உங்களுடையதில் தந்திகள் முடிவதே மெல்லிய பலகையில் பசையால் ஒட்டிய பிரிட்ஜில். பலகையைப் புரட்டும் விசை முழுவதையும் அந்தப் பசையும் உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டங்களும்தான் தாங்குகின்றன. பதினெட்டுத் தந்திகளுக்கு அந்த அமைப்பு செய்யப்படவில்லை. தரப் ஒலி வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. தேபாசிஷ் பட்டாச்சார்யா 24 தந்திகள் கொண்ட சதுரங்கியைப் புதிதாகவே வடிவமைத்தார். அதுபோல அதற்கென்றே ஒரு கருவியைச் செய்விப்பதுதான் முறை. இருக்கும் கிட்டாரில் துளையிட்ட பிறகு அதை மீட்க வழியில்லை.

காங்கேயம், விவசாயி: எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் பழைய வெள்வேல மரம் ஒன்று காற்றில் சாய்ந்துவிட்டது. கோவா மரமும் வேல இனம்தான் என்கிறார்களே, இதில் கிட்டார் செய்யலாமா?

உறவு உண்மைதான். கோவாவும் அகேசியா பேரினத்து மரம். வெள்வேலையும் அண்மைக்காலம்வரை அதே பெயரில்தான் வகைப்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் வெள்வேல் கனமும் கடினமும் மிக்கது. அதை 2.5 மி.மீ. பலகையாக இழைத்து அதிர வைப்பது கடினம். உருளை வைக்கும் பெட்டி, நட், தலைப்பகுதியின் மேல்தகடு ஆகியவற்றுக்கு அது அழகாக அமையும். கோவாவுக்கு மிக நெருங்கிய உறவு, நீலகிரியில் வெள்ளையர் காலத்திலிருந்து வளரும் ஆஸ்திரேலிய பிளாக்வுட். முறையான வழியில் கிடைத்தால் அதையே நான் தேர்வேன். ஈட்டி மரமும் மிகச் சிறந்தது. 1969 இறுதியில் மார்ட்டின் நிறுவனமே பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு நம் ஈட்டிக்கு மாறியது. அதை வெட்டவும் விற்கவும் வனத்துறை விதிகள் உண்டு, சான்றுள்ள பலகையை மட்டுமே வாங்க வேண்டும்.

கோவையின் கணபதி பகுதி, லேத் பட்டறை வைத்திருப்பவர்: உருளையை நானே கடைந்துகொள்ளலாமா? அளவு சொல்லுங்கள்.

தாராளமாகக் கடையலாம். 304 ரக எவர்சில்வர் தண்டு, விட்டம் 19 மி.மீ., நீளம் 75 மி.மீ.; எடை 168 கிராம் அளவில் வரும். ஒரு முனையைத் துப்பாக்கித் தோட்டாபோல உருட்டிவிடுங்கள். எடை குறைந்தால் தந்தி அதிர்ந்து கரகரக்கும், கூடினால் கை தளர்ந்துவிடும். மெருகுதான் உயிர்: கடைசல் கோடு ஒன்று மிஞ்சினாலும் கம்பி சுற்றிய தடித்த தந்தியில் அது அரம்போல் உரசும். 2000 எண் உப்புத்தாள்வரை போய், பிறகு பஃப்பிங் சக்கரத்தில் கண்ணாடிபோல் ஆக்குங்கள்.

பவானி, வாசகர்: கொல்கத்தாவில் வேலை பார்த்த மாமாவின் பழைய ஹவாயன் கிட்டார் வீட்டில் கிடக்கிறது. ஃபிரெட் பதித்துச் சாதாரண கிட்டாராக மாற்றித்தர ஒருவர் முன்வந்திருக்கிறார்.

மாற்ற வேண்டாம். 1940-களில் ஹவாய்க் கலைஞர் டாவ் மோவும் அவர் குடும்பத்தாரும் கொல்கத்தாவில் தங்கி வாசித்த காலம் தொட்டு, வங்காளத்தில் அந்தக் கிட்டார் வீட்டு வாத்தியமாகவே வேரூன்றியது. உங்கள் மாமா வாங்கியது அந்த மரபின் ஒரு துண்டு. முதலில் பழைய தந்திகளைக் கழற்றிவிட்டு, பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பசை விட்டிருக்கிறது. கண்ணாடியும் சிறு விளக்கும் கொண்டு உள்சட்டங்கள் பெயர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இவை எல்லாம் செப்பனிடக்கூடியவை. வெட்டிய கழுத்தையும் சீவிய விரற்பலகையையும் யாராலும் திரும்பக் கொடுக்க முடியாது.

ஈரோடு, வாசிப்பவர்: வெயில் காலத்தில் எப்படிக் காப்பது?

கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். மாசி, பங்குனியில் நம் பக்கம் காற்று மிகவும் காய்ந்துவிடும். பெட்டிக்குள் துளையிட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பஞ்சை வைத்து, வாரம் ஒருமுறை நனையுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள், பசை இளகிவிடும்.

திருப்பூர், ஒரு தாய்: என் மகளுக்கு ஒன்பது வயது. விரல் வலிக்கிறது என்று கிட்டாரை விட்டுவிட்டாள். இதைப் பழக்கலாமா?

பழக்கலாம், அம்மா. இதில் இடக்கை விரல்கள் தந்தியை அழுத்துவதே இல்லை. மேலே சொன்ன உருளை சின்னக் கைக்குப் பெரியது; 16 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ளதைக் கடைந்து வாங்குங்கள், நூறு கிராம் அளவுதான் இருக்கும். பாதம் தரையில் முழுமையாகப் படியும் உயரமுள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். தொடை சரிந்தால் கிட்டாரும் சரியும். முதல் மாதம் ஒரே தந்தியில், உருளையை ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிறுத்தி, ஸரிகமபதநிஸ மட்டும் வாசிக்கட்டும். தம்பூரா சுருதியைப் பக்கத்தில் ஒலிக்க விட்டு, கண்ணால் பார்த்து நிறுத்திய சுரம் சுருதியோடு சேர்கிறதா என்று அவளே சொல்லும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம்.