சிங்கப்பூரில் பதினொன்று என்றால் மதுரையில் எட்டரை

கேள்வி: மதுரையில் மஹால் பக்கம் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறேன் சார். சிங்கப்பூரில் கடை வைத்திருக்கும் ஒருவர் சேலைகளைப் பார்க்க ஜூம் மீட்டிங் வைத்தார். சொன்னபடி பதினோரு மணிக்கு லிங்க்கைத் தொட்டேன், உள்ளேயே விடவில்லை. இரண்டாம் முறை ஒருவழியாகப் போய்விட்டேன். அவர் முகம் தெரிகிறது, ஆனால் நான் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை, அவர் பேசுவது எனக்கும் கேட்கவில்லை. நெட் சரியில்லையா, போனை மாற்ற வேண்டுமா? வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்.

போனை மாற்ற வேண்டாம். நெட்டையும் இப்போதைக்குத் திட்ட வேண்டாம். நெட் படுத்தினால் படம் உறையும், குரல் விட்டுவிட்டு வரும். படம் ஒழுங்காக ஓடி, சத்தம் மட்டும் துளிகூட இல்லையென்றால் கோளாறு வேறு இடத்தில்.

முதல் நாள் கதையை எடுப்போம். பதினொன்று என்று அவர் சொன்னது எந்த ஊர் நேரம்? சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அவர் கடிகாரத்தில் பதினொன்று அடிக்கும்போது இங்கே காலை எட்டரை. நீங்கள் லிங்க்கைத் தொட்ட நேரத்தில் அவர் மதியச் சாப்பாட்டையே முடித்திருப்பார். துபாய் என்றால் தலைகீழ், அவர்கள் நமக்கு ஒன்றரை மணி பின்னால். வெளியூர்க்காரர் நேரம் சொன்னால் "இந்திய நேரம் எத்தனை மணி?" என்று கேட்டுவிடுங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அன்றைக்குத் திரையில் என்ன எழுதியிருந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, படித்திருந்தால்தானே! திறக்கவில்லை என்றதும் வெளியே வந்து அதே லிங்க்கைப் பத்துத் தடவை தொடுகிறோம். ஆனால் அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருக்கிறது. "வெயிட்டிங் ஃபார் தி ஹோஸ்ட்" என்று வந்தால் மீட்டிங்கை அவர் இன்னும் தொடங்கவே இல்லை, நேரத்தைச் சரிபாருங்கள். "ஹோஸ்ட் வில் லெட் யூ இன்" என்றால் நீங்கள் திண்ணை வரை வந்துவிட்டீர்கள், உள்ளிருந்து அவர் அனுமதிக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் போன் மாடலின் பெயர் இருந்தால், யாரோ என்று அவர் விட்டுவிடுவார். உள்ளே போகும்முன் பெயரைக் கேட்கும் கட்டத்தில் உங்கள் பெயரையும் கடைப் பெயரையும் அடித்துவிடுங்கள். "இன்வாலிட் மீட்டிங் ஐடி" என்றால் எண்ணில் பிசகு. கையால் அடிக்காமல் அவர் அனுப்பிய லிங்க்கையே தொடுங்கள்.

இப்போது சத்தம். போனில் ஜூமுக்குள் போனதும் ஆடியோவை எதன் வழியாக இணைப்பது என்று கேட்கும். "வைஃபை ஆர் செல்லுலார் டேட்டா" என்பதைத் தொட வேண்டும். அவசரத்தில் அதை மூடிவிட்டால் படம் ஓடும், ஆனால் பேச்சு இரண்டு பக்கமும் இருக்காது. உங்களுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான் என்று நினைக்கிறேன். திரையில் ஒருமுறை தட்டினால் மூலையில் மைக் படம் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஹெட்போன் படமும் "ஜாயின் ஆடியோ" என்றும் இருந்தால் நீங்கள் இன்னும் பேச்சுக்குள் வரவில்லை, அதைத் தொடுங்கள். மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் மியூட். கோடு இல்லாமலும் உங்கள் குரல் போகவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 11-லிருந்து, ஒரு ஆப் மைக் கேட்டு நாம் இரண்டு முறை மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்பதில்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஜூம், பெர்மிஷன் என்று போய் நாம்தான் மைக்கைத் திறந்துவிட வேண்டும்.

ப்ளூடூத்தையும் அணைத்துவிடுங்கள். ஒருமுறை எதிராளி பேசுவதே கேட்கவில்லை என்று கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அவர் குரல் அடுக்களையில் இருந்த ஸ்பீக்கரில் கணீரென்று போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம், கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பின்னணியை மாற்றும் வசதி ஜூமில் இருக்கிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். அது ஆளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கப் பார்க்கும், நீங்கள் விரித்துப் பிடிக்கும் சேலையின் முந்தானை பாதி காணாமல் போகும். முன் கேமராவை விட்டுப் பின் கேமராவுக்கு மாற்றி, முற்றத்து வெளிச்சத்தில் காட்டுங்கள். காலை எட்டரை அதற்குத் தோதான நேரம்தான். ட்யூப்லைட்டில் அரக்கு வேறு நிறமாகத் தெரிந்து, பிறகு சரக்குத் திரும்பி வந்தால் யாருக்கு நட்டம்? முடிச்சுப் புள்ளிகள் வீடியோவில் மங்கலாகத்தான் போகும், அதனால் நாலு நெருக்கப் படங்களை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பழைய வீட்டுச் சுவர் கனம் என்றால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள். கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், போனில் டேட்டா இருக்கட்டும். நடுவில் சாதாரண போன் வந்தால் பேச்சு அறுந்துவிடும், அந்த நேரத்துக்கு 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிடுங்கள். அவர் வைத்திருப்பது இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் மீட்டிங் தானாக முடியும், அதனால் விலைப் பேச்சைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூகுளில் 'ஜூம் டெஸ்ட் மீட்டிங்' என்று தேடிப் பாருங்கள். ஜூமே நடத்தும் ஒத்திகை அது. நீங்கள் பேசியதைப் பதிவு செய்து உங்களுக்கே திரும்பப் போட்டுக் காட்டும். உங்கள் குரல் உங்களுக்குக் கேட்டால் சிங்கப்பூருக்கும் கேட்கும்.