பணம் கட்டாத சீட் ஏன் பூட்டியே கிடக்கிறது?

கேள்வி: சிறிய டிராவல்ஸ் ஒன்றின் டிக்கெட் பதிவு மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறேன். ராபிட்எம்கியூ (மெசேஜ்களை க்யூ எனும் வரிசையில் வைத்து, மற்ற புரோகிராம்களுக்குக் கொடுக்கும் மென்பொருள்) ஓடுகிறது. பணம் கட்டாத சீட்டைப் 10 நிமிடத்தில் விடுவிக்கும் மெசேஜும், பயணத்துக்கு முந்தைய நாள் எஸ்எம்எஸ் அனுப்பும் மெசேஜும் ஒரே காத்திருப்பு க்யூவில், தனித்தனி காலாவதி நேரத்தோடு போகின்றன; காலாவதியானதும் வெளியே வந்து வேலை நடக்க வேண்டும். சில சமயம் சீட்டுகள் மணிக்கணக்கில் பூட்டியே கிடக்கின்றன. சர்வர் போதவில்லை, மூன்று சர்வர்களைச் சேர்த்த கிளஸ்டர் வேண்டும் என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? ஏசி பஸ் மெசேஜ்களை மட்டும் ஒரு தனி புரோகிராமுக்கு அனுப்பவும் வழி வேண்டும்.

பதில்: கொட்டேஷனை ஓரமாக வையுங்கள். முப்பது சர்வர் போட்டாலும் அந்த சீட் விடுபடாது.

க்யூவின் தலையில் நிற்கும் மெசேஜின் காலாவதியை மட்டும்தான் ராபிட்எம்கியூ கவனித்து வெளியே தள்ளும். ரேஷன் கடை வரிசையில் முதல் ஆளின் டோக்கனை மட்டுமே பார்க்கும் ஊழியர் மாதிரி. முன்னால் நிற்பவருக்கு நாளை மறுநாள் தேதி என்றால், பின்னால் இருப்பவருக்கு நேரம் வந்து போனாலும் நிற்க வேண்டியதுதான். உங்கள் எஸ்எம்எஸ் மெசேஜ் இரண்டு நாள் காலாவதியோடு தலையில் உட்கார்ந்திருக்கிறது; 10 நிமிட மெசேஜ்கள் அதன் முதுகுக்குப் பின்னால். இது ராபிட்எம்கியூ ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் அதைப் படிப்பதைவிட சர்வர் விற்பது சுலபம், லாபமும்கூட.

நீங்களே பார்க்கலாம். ராபிட்எம்கியூவின் மேனேஜ்மென்ட் திரையில் அந்தக் க்யூவைத் திறந்து 'கெட் மெசேஜஸ்' பகுதியில் ஐந்தாறு மெசேஜ்களை எடுங்கள். ஆக் மோட் (எடுத்த மெசேஜை என்ன செய்வது என்ற தேர்வு) 'ரீக்யூ ட்ரூ', அதாவது திருப்பி க்யூவிலேயே வை, என்றே இருக்கட்டும். 'ஆட்டோமேட்டிக் ஆக்' என்றோ 'ரீக்யூ ஃபால்ஸ்' என்றோ மாற்றினால் மெசேஜ் க்யூவை விட்டே போய்விடும். முதல் மெசேஜின் எக்ஸ்பிரேஷன் (காலாவதி) 172800000, அடுத்தடுத்தவை 600000 என்று தெரிந்தால் விஷயம் முடிந்தது. எல்லாம் மில்லி செகண்டில். நேரம் கடந்த மெசேஜ்களும் 'ரெடி' (எடுக்கத் தயாராக உள்ளவை) எண்ணிக்கையிலேயே இருப்பதால் க்யூ பிதுங்குவது போலத் தெரியும். "பாருங்கள், லோடு தாங்கவில்லை" என்று உங்களிடம் காட்டியது அந்த எண்ணாகத்தான் இருக்கும்.

சீட் விடுவிப்புக்குத் தனிக் காத்திருப்பு க்யூ போடுங்கள். நேரத்தை மெசேஜில் வைக்காமல் க்யூவுக்கே டிடிஎல் (காலாவதி நேரம்) 600000 என்று வையுங்கள். (600 என்று போட்டுவிட்டு, பதிவு செய்த வேகத்தில் சீட் பறிபோகிறது என்று அலறுபவர்கள் உண்டு.) எக்ஸ்சேஞ்ச் என்பது மெசேஜ் எந்தக் க்யூவுக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் இடம்; காலாவதியான மெசேஜ் டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் வழியாக, சீட்டை விடுவிக்கும் புரோகிராம் படிக்கும் வேலை க்யூவுக்குப் போகட்டும். காத்திருப்பு க்யூவில் எந்த கன்ஸ்யூமரையும் (மெசேஜை எடுத்து வேலை செய்யும் புரோகிராம்) மாட்டாதீர்கள், மாட்டினால் காத்திருப்பே இருக்காது. இருக்கும் க்யூவை அதே பெயரில் வேறு டிடிஎல்லோடு புரோகிராமிலிருந்து அறிவித்தால் ராபிட்எம்கியூ பிழை சொல்லிச் சானலை (புரோகிராமின் தொடர்பை) மூடிவிடும். புதுப் பெயர் வையுங்கள்.

"எல்லாருக்கும் ஒரே 10 நிமிடம்தானே, மெசேஜிலேயே நேரம் வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். வைக்கலாம். எல்லா மெசேஜுக்கும் ஒரே அளவு என்றால் முதலில் வந்தது முதலில் காலாவதியாகும், சிக்கல் வராது. ஆனால் இது எவ்வளவு நாள் நிற்கும்? ஆறு மாதம் கழித்து முதலாளி "ரெகுலர் கஸ்டமருக்கு 15 நிமிடம் கொடுப்போம்" என்பார். நீங்கள் வேலை மாறிப் போயிருப்பீர்கள். புதிதாக வந்தவர் ஒரு இஃப் (நிபந்தனை) போட்டு 900000 என்று எழுதிவிட்டுப் போவார். அந்த நிமிடமே பழைய வியாதி திரும்பும், அதுவும் கூட்டம் அதிகமான பண்டிகை சீசனில் மட்டும் கண்ணில் படும். க்யூவிலேயே நேரம் இருந்தால் 15 நிமிடத்துக்கு இன்னொரு க்யூ போட்டாக வேண்டும் என்பது தானாகப் புரியும். இரண்டு இடத்திலும் நேரம் வைத்தால் குறைவானது செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெசேஜ் வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு சீட்டை விடுவிக்காமல், பணம் வந்துவிட்டதா என்று டேட்டாபேஸில் பார்த்துவிட்டு விடுவியுங்கள்.

முந்தைய நாள் எஸ்எம்எஸ் க்யூவில் இருக்கவே வேண்டாம். ஒருவர் மூன்று நாள் முன்பு பதிவு செய்வார், இன்னொருவர் இருபது நாள் முன்பு. டிக்கெட் ரத்தானால் நடுவில் கிடக்கும் மெசேஜை உருவி எடுக்கவும் முடியாது. டேட்டாபேஸ் டேபிளில் 'அனுப்ப வேண்டிய நேரம்' என்று ஒரு நெடுவரிசை, நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் ஒரு கிரான் ஜாப். நேரம் வந்ததை மட்டும் க்யூவில் போடட்டும்.

இந்த இடத்தில் அடுத்த ஆள் வருவார், "டிலேய்ட் மெசேஜ் ப்ளகின் (மெசேஜைத் தாமதப்படுத்தும் இணைப்பு மென்பொருள்) போட்டுத் தருகிறேன்" என்று. அந்த ப்ளகின் காத்திருக்கும் மெசேஜ்களை ஒரே ஒரு நோடில்தான் (சர்வரில்) வைத்திருக்கும், பிரதி கிடையாது. ப்ளகினை நிறுத்தினால் அனுப்பாதவை அத்தனையும் போச்சு. கிளஸ்டரையும் விற்று, கிளஸ்டருக்குப் பயன்படாத ப்ளகினையும் அதே பில்லில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொருவர் அமேசானின் க்யூ சேவையான எஸ்க்யூஎஸ்ஸுக்கு மாறச் சொல்வார். அங்கே ஒரு மெசேஜைத் தள்ளிப்போட உச்சவரம்பு 900 விநாடி, அதாவது 15 நிமிடம். அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு அதுவும் உதவாது.

அப்புறம் ஏசி பஸ். கன்ஸ்யூமர் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, வேண்டாததைத் திருப்பிப் போடும் வேலை வேண்டாம். திருப்பிப் போட்டது முடிந்தவரை பழைய இடத்துக்கே வரும், அதையே மறுபடி எடுப்பீர்கள், சிபியு மட்டும் கொதிக்கும். வடிகட்டல் க்யூவுக்கு முன்னால், எக்ஸ்சேஞ்சில் நடக்கட்டும். டாபிக் எக்ஸ்சேஞ்ச் (முகவரி வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பது) போட்டு, ரூட்டிங் கீயை (மெசேஜின் முகவரி) 'பஸ்.ஏசி.மதுரை' போலப் புள்ளியால் பிரித்த சொற்களாக அமைத்து, ஏசி க்யூவை 'பஸ்.ஏசி.*' என்று பைண்ட் செய்யுங்கள் (இணையுங்கள்); '*' என்றால் ஏதாவது ஒரு சொல். காத்திருப்பு க்யூவில் டெட் லெட்டர் ரூட்டிங் கீ எதையும் எழுதாதீர்கள். எழுதினால் பழைய கீ அழிந்து, ஏசியும் சாதாரண பஸ்ஸும் ஒரே முகவரிக்குப் போகும். வெறுமனே விட்டால் பழைய கீயோடே வரும்.

எந்த பைண்டிங்குக்கும் பொருந்தாத மெசேஜ் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதனால் அந்த டாபிக் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு ஆல்டர்னேட் (மாற்று) எக்ஸ்சேஞ்ச் வைத்து, மிச்சம் மீதி விழ ஒரு க்யூ கட்டிவிடுங்கள். முதல் வாரம் தினமும் அதைத் திறந்து பாருங்கள். யாரோ 'ஏசி'க்குப் பதில் 'ஏ.சி' என்று புள்ளி வைத்து அனுப்பிய மெசேஜ்கள் அதில்தான் கிடக்கும்.