சைக்கிள் சஞ்சிகைகளின் அட்டைப்படம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்கென ஒரு சஞ்சிகை தொடங்க விரும்பும் இளைஞர்களும் வேறு சில வாசகர்களும் அட்டைப்படம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோண்டாவில் வாசகர்: வெளிநாட்டுச் சைக்கிள் சஞ்சிகைகளின் அட்டைகள் பெரும்பாலும் ஒன்றுபோலத் தோன்றுவது ஏன்?

அவை விற்கப்படும் இடமே காரணம். கடைத் தட்டில் சஞ்சிகைகள் ஒன்றையொன்று மறைத்தபடி அடுக்கப்படும்போது மேற்பகுதியும் இடது ஓரமும் மட்டுமே கண்ணில் படுவதால், பெயரை மேலே பெரிதாகவும் முக்கியமான தலைப்புகளை இடப்பக்கத்திலும் வைக்கிறார்கள். நடுவில், வளைந்தேறும் மலைப்பாதையில் ஒருவர் நம்மை நோக்கிச் சைக்கிள் ஓடி வருவார். கறுப்புக் கண்ணாடி கண்களை மறைத்துவிடுவதால், இறுகிய உதடுகளும் ஹாண்டிலைப் பற்றிய கைகளுமே அவருடைய முயற்சியைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் வாசகரே சஞ்சிகையைக் கையில் எடுக்கிறார் என்பது என் உறுதியான கருத்து. 2006இல் பிரித்தானியாவில் தொடங்கிய ‘ரூலர்’ போன்ற சஞ்சிகைகள், அட்டையில் எழுத்தைக் குறைத்து ஒளிப்படத்துக்கே இடம் கொடுத்து வேறு வழியில் சென்றன.

சாவகச்சேரி வாசகர்: சைக்கிளை மட்டும் படம் எடுப்பதற்கு முறை ஏதும் உண்டா?

உண்டு. சங்கிலி உள்ள வலப்பக்கத்தையே காட்டுவார்கள். சங்கிலி முன்புறப் பெரிய பற்சில்லில் இருக்க வேண்டும்; இரு சில்லுகளின் காற்றடிக்கும் வால்வுகளும் ஒரே நிலையில் நிற்க வேண்டும். இவை தவறினால் சைக்கிள் பிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார். உள்ளே எழுதியவருக்கும் விடயம் தெரியாது என்று எண்ணிவிடுவார்.

பருத்தித்துறை வாசகர்: ஜூலை மாத இதழ்களில் மஞ்சள் நிறம் மிகுந்திருப்பது ஏன்?

இதன் வேர் பத்திரிகை விற்பனையிலேயே இருக்கிறது. பிரான்சில் ‘லோத்தோ’ என்ற விளையாட்டுப் பத்திரிகை, தன் போட்டியாளரான ‘லெ வெலோ’வை மிஞ்சுவதற்காகவே 1903இல் ‘தூர் த பிரான்ஸ்’ சைக்கிள் ஓட்டப்போட்டியைத் தொடங்கியது. லெ வெலோ பச்சைத் தாளிலும் லோத்தோ மஞ்சள் தாளிலும் அச்சாகின. தலைப்பை வாசிக்கும் முன்பே தாளின் நிறம் பத்திரிகையை அடையாளம் காட்டியது. அடுத்த ஆண்டே லெ வெலோ நின்றுபோயிற்று. முன்னணியில் நிற்கும் வீரருக்கு 1919இல் மஞ்சள் மேலாடை அறிமுகமானது; லோத்தோவின் தாள் நிறமே அதற்குக் காரணம் என்று பொதுவாக விளக்கம் சொல்லப்படுகிறது. இத்தாலியிலும் இதே கதைதான்: இளஞ்சிவப்புத் தாளில் வரும் ‘கசெத்தா தெல்லோ ஸ்போர்ட்’ பத்திரிகை 1909இல் ‘ஜீரோ திதாலியா’ சைக்கிள் போட்டியைத் தொடங்கியது; 1931இல் அந்நிறமே முன்னணி வீரரின் மேலாடைக்கு வந்தது. தூர் நடைபெறும் ஜூலையில் அட்டையில் மஞ்சளைக் கண்டதும் எந்தப் போட்டி என்பது வாசகருக்கு விளங்கிவிடுகிறது.

அட்டையில் எத்தனை தலைப்புகள் இருக்கலாம்?

நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே முழுமையான கட்டுரை இருக்க வேண்டும். ஏமாந்த வாசகர் அடுத்த இதழை வாங்கமாட்டார்.

மானிப்பாய் ஆசிரியை: பெண்கள் ஏன் இத்தனை அரிதாக அட்டைகளில் வருகிறார்கள்?

இந்தக் குறை எனக்கும் வருத்தமளிக்கிறது. சைக்கிள் விளம்பரச் சுவரொட்டிகளில் பெண்களுக்கு நீண்ட காலமாக இடமுண்டு. ஓவியர் அல்போன்ஸ் மூகா 1902இல் ‘பெர்பெக்டா’ சைக்கிளுக்கு வரைந்த சுவரொட்டியும் ஒரு பெண்ணின் உருவமே. ஆனால் அழகுக்காக நிறுத்தப்படும் பெண் வேறு, வியர்க்க ஓடும் பெண் வேறு. வெள்ளைச் சீருடையில் பாடசாலைக்குச் சைக்கிளோடும் மாணவிகளையும் வேலைக்குச் செல்லும் பெண்களையும் நாள்தோறும் காணும் யாழ்ப்பாணத்தில், அவர்களை ஒதுக்கிய அட்டை உண்மையான அட்டையாகாது.

நல்லூர் இளைஞர்: மலையே இல்லாத எமது ஊரில் எதைப் படம் பிடிப்பது?

காற்றைப் பிடியுங்கள். பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றுக்கு முதுகை வளைத்து மிதிப்பவரின் உழைப்பு, மலையேறுபவரின் உழைப்புக்குக் குறைந்ததன்று. கமராவைத் தாழ வைத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால், சமதரைப் பாதையும் வானத்தின் பின்னணியில் உயர்ந்து தெரியும். டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’ இலக்கியச் சஞ்சிகை தன் அட்டைகளில் எழுத்தாளர், கலைஞர் முகங்களைத் தாங்கி வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாறே நீங்களும் எமது மனிதர்களின் முகத்தை முன்னே வையுங்கள்: எரிபொருள் தடைப்பட்டிருந்த 1990களில் குடும்பத்தையும் விறகையும் சைக்கிளிலேயே ஏற்றிச் சென்றவர்கள் இன்னும் எம்மிடையே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். அனுமதி கேட்டு, அவர்களுடைய சொந்தச் சைக்கிளோடே எடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன், அட்டையைத் தொலைபேசித் திரையில் சிறிதாக்கிப் பாருங்கள். பலர் அதை முதலில் அங்கேதான் காண்பார்கள் என்பதால், அந்த அளவிலும் முகமும் பெயரும் தெளிவாகத் தெரிய வேண்டும்.