கோர் டேட்டாவில் நிறத்தைச் சேமிக்கும்போது செயலி நின்றுவிடுவது குறித்து

வணக்கம். உங்கள் மேக் செயலியில், தரவைச் சேமிக்க ஆப்பிள் தரும் கட்டமைப்பான கோர் டேட்டாவில், குறிச்சொற்களின் நிறத்தை ட்ரான்ஸ்ஃபார்மபிள் (பொருளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும்) பண்பாக வைத்திருப்பதாகவும், ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோட் தந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பாதுகாப்பான மாற்றிக்கு (அனுமதித்த வகுப்புகளை மட்டும் பைட்டுகளாக்கி மீட்கும் நிரலுக்கு) மாறிய பிறகு, சேமிக்கும்போதே செயலி நின்றுவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கோர் டேட்டாவில் நிறத்துக்கெனத் தனி வகை இல்லை. ஆப்பிள் தரும் பாதுகாப்பான மாற்றி சரம், எண், தேதி, அணி போன்ற சில அடிப்படை வகுப்புகளை மட்டுமே ஏற்கும். அந்தப் பட்டியலில் மேக்கின் நிற வகுப்பான என்எஸ்கலர் இல்லாததே உங்கள் பிழைக்குக் காரணம். அம்மாற்றியிலிருந்து ஒரு துணைவகுப்பை உருவாக்கி, அனுமதிக்கப்பட்ட வகுப்புகளில் என்எஸ்கலரைச் சேர்த்து, தரவுக்கிடங்கு ஏற்றப்படுவதற்கு முன்பே அதைப் பதிவுசெய்து, அதே பெயரை மாடல் எடிட்டரிலும் குறிப்பிட்டால் சிக்கல் தீரும்.

ஆயினும், உங்கள் தேவைக்கு நான்கு எண்களாகச் சேமிப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். ட்ரான்ஸ்ஃபார்மபிள் பண்பு, கோர் டேட்டா பயன்படுத்தும் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் வெறும் பைட்டுகளாக அமர்வதால், சிவப்புக் கூறு மிகுந்த குறிச்சொற்களை மட்டும் வடிகட்டுவது போன்ற வினவல்களுக்கு அது உதவாது. நிறத்தை முதலில் எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிறவெளிக்கு மாற்றி, சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (ஒளிபுகாத்தன்மை) ஆகியவற்றை 0 முதல் 1 வரையிலான டபுள் (தசம எண்) மதிப்புகளாக வையுங்கள். இந்த மாற்றத்தைத் தவிர்த்துவிட்டு, சாம்பல் நிறவெளியில் உள்ள ஒரு நிறத்திடம் நேரடியாகச் சிவப்பின் அளவைக் கேட்டால் செயலி விதிவிலக்கு எழுப்பி நின்றுவிடும். வடிவப் படத்தால் ஆன நிறங்களுக்கு மாற்றத்தின் விளைவே nil (மதிப்பு ஏதுமில்லை) என வரக்கூடும்; அதையும் சோதியுங்கள்.

லேபிள் கலர் (எழுத்துகளுக்கான நிறம்) போன்ற, இயங்குதளமே தரும் கணினி நிறங்களைப் பயனர் தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறீர்கள் என்றால், அவற்றை எண்களாக்க வேண்டாம்: வெளிர், இருள் தோற்றங்களுக்கேற்ப மாறும் இயல்பு அந்த நொடியிலேயே உறைந்துவிடும் என்பதால், அவற்றின் பெயரைத் தனிப் பண்பாகச் சேமியுங்கள்.