கரண்ட் போனால் கதவு என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். தையல் ஹாலின் வாசல், நூலும் லேபிளும் வைக்கும் ஸ்டோர், பின்பக்கம் ஈரத்துணி பிழியும் ஹைட்ரோ, இந்த மூன்றுக்கும் எலக்ட்ரானிக் பூட்டு வேண்டும். ஹைட்ரோ சுற்றி நிற்பதற்குள் ஆட்கள் மூடியைத் திறந்துவிடுகிறார்கள். கடைக்காரர், மூன்றுக்கும் ஒரே மேக்னெட்டிக் லாக் போட்டுவிடலாம், விலையும் குறையும் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். அந்த லாக் தையல் ஹாலுக்குப் பொருந்தும், ஸ்டோருக்கு அரைகுறை, ஹைட்ரோவில் போட்டால் யாருக்காவது கை போகும். விலையையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன், கரண்ட் போனால் இந்தக் கதவு திறக்க வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் மூன்று கதவுகளுக்கும் பதில் வேறு வேறு.

தையல் ஹாலில் ஆட்கள் இருக்கிறார்கள். கரண்ட் போனால் கதவு விட்டுவிட வேண்டும். மேக்னெட்டிக் லாக் மின்சாரம் இருக்கும்வரைதான் பிடிக்கும், அதனால் இங்கே அது சரி. கடையில் 600 பவுண்டு என்று சொல்லித் தருவது ஏறக்குறைய 270 கிலோ இழுவையைத் தாங்கும். ஒற்றைக் கதவுக்குப் போதும். கதவில் பொருத்தும் இரும்புத் தகட்டின் நடுத் திருகில் ஒரு ரப்பர் வாஷர் வரும். தகடு லேசாக ஆடி, காந்தத்தோடு முழுமையாக ஒட்டுவதற்காகத்தான் அது. நம் ஆட்கள் 'லூஸாக இருக்கிறது' என்று அதை இறுக்கி முறுக்கிவிடுவார்கள். அப்புறம் லாக் பிடிக்கவில்லை என்று புகார் வரும்.

கம்பியிலும் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட் லாக் அரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். கேமராவுக்கு வாங்கி மிஞ்சிய கேட்-5 கேபிளில் ஒரு ஜோடியை 20 மீட்டர் ஓட்டினால், போக வர 40 மீட்டர். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். 1 சதுர மில்லிமீட்டர் கம்பி போடச் சொல்லுங்கள்.

'தீப்பிடித்தால் கரண்ட் போகும், லாக் தானாக விட்டுவிடும்' என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் கூடவே 12 வோல்ட் 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியும் விற்பார். அந்தப் பேட்டரி புதிதாக இருந்தால், மெயின் போன பிறகும் ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கதவைப் பூட்டியே வைத்திருக்கும்! அதனால் உள்பக்கம் பச்சை நிற எமர்ஜென்சி பெட்டி கட்டாயம் வேண்டும். லாக்குக்குப் போகும் மின்சாரத்தை, பேட்டரிக்குப் பிந்தைய கம்பியிலேயே, அது நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கன்ட்ரோலருக்கு, அதாவது கார்டைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும் பெட்டிக்கு, தகவல் சொல்லி, அது யோசித்துத் திறக்கும் ஏற்பாடு கூடாது. ஃபயர் அலாரம் பேனல் இருந்தால் அதன் ரிலேயையும் (சிக்னல் வந்தால் மின்சாரத்தை இணைக்கும் அல்லது துண்டிக்கும் ஸ்விட்ச்) இதே கம்பியில் சேருங்கள். 1911இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே கதவைப் பூட்டி வைத்ததற்குச் சொல்லப்படும் காரணமும் துணி திருட்டுதான்.

ஸ்டோருக்கு ஸ்ட்ரைக் லாக் வாங்குங்கள், கதவுச் சட்டத்தில் பதித்து, கதவின் தாழ்ப்பாளைப் பிடித்து வைக்கும் பூட்டு அது. கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் வகை எது என்று கேட்டு வாங்க வேண்டும், இரண்டு வகையும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் கைப்பிடியைத் திருகினால் கரண்ட் இல்லாமலே திறக்கும். பேட்டரி செத்தாலும் நூல் பத்திரம். கார்டு ரீடர் வெளியே, ரிலே உள்ள கன்ட்ரோலர் உள்ளே. இரண்டும் ஒரே டப்பாவாக வெளியே இருந்தால், டப்பாவைக் கழற்றி இரண்டு கம்பியைத் தொட்டுவைத்தே கதவைத் திறந்துவிடலாம். சாயத்தில் வேலை செய்கிறவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், ஆகவே கைரேகை மெஷினை விட்டுவிடுங்கள்.

இனி ஹைட்ரோ. கரண்ட் போன பிறகும், உள்ளே துணி போடும் கூடை சுற்றிக்கொண்டே இருக்கும். மேக்னெட்டிக் லாக் போட்டால் சரியாக அந்த நேரத்தில் மூடியை விட்டுவிடும். இங்கே தேவை பூட்டும் வசதியுள்ள சேஃப்டி ஸ்விட்ச். மூடியில் உள்ள உலோக நாக்கு ஸ்விட்சுக்குள் நுழைந்ததும் ஸ்பிரிங் அதைப் பிடித்துக்கொள்ளும். விடுவிக்கத்தான் மின்சாரம் வேண்டும். கூடை நின்றுவிட்டது என்று வேகத்தைப் பார்க்கும் ரிலே சொன்ன பிறகே அந்த மின்சாரம் போக வேண்டும். டைமரும் வைக்கலாம், ஆனால் பாரம் மாறினால் நிற்கும் நேரமும் மாறும் என்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

ஸ்விட்சின் மேல் வட்டத்தோடு ஓர் அம்புக்குறி அச்சாகியிருக்கிறதா பாருங்கள். கான்டாக்ட், அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனை, உள்ளே ஒட்டிக்கொண்டாலும் நாக்கை இழுக்கும் விசையே அதைப் பிரித்துவிடும் என்று அதற்குப் பொருள். ஸ்விட்சின் இரண்டு கான்டாக்ட்டுகளையும் சேஃப்டி ரிலேக்குக் கொடுங்கள், மூடி திறந்திருந்தாலோ கோளாறு இருந்தாலோ மெஷினை ஓடவிடாத ரிலே அது. ஈரம் படும் இடம், தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத ஐ.பி.67 தரம் கேளுங்கள். திருட்டு அலாரத்துக்கு விற்கும் சின்ன காந்த ஸ்விட்ச் இதற்கு உதவாது. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தம் போதும், அதை ஏமாற்ற.

நாக்கு ஸ்விட்சையும் ஏமாற்றுவார்கள். ஒரு வாஷிங் யூனிட்டில் பார்த்தேன், ஸ்பேர் நாக்கை ஸ்விட்சில் சொருகி, பழைய பனியன் துணியால் கட்டியிருந்தார்கள். மூடி பாட்டுக்குத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஸ்பேர் நாக்கு வந்தால் உங்கள் மேஜை டிராயரில் பூட்டுங்கள். கூடுதல் செலவு பரவாயில்லை என்றால், தனக்கென்று ஜோடி சேர்த்த நாக்கை மட்டுமே ஏற்கும் ஆர்.எஃப்.ஐ.டி. வகை (நாக்கில் உள்ள சிப்பை ரேடியோ அலையால் அடையாளம் காண்பது) வாங்கலாம், அதிலும் பூட்டும் வகை எது என்று கேட்டே வாங்க வேண்டும்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று மெயினை இறக்கச் சொல்லுங்கள். பேட்டரி ஓடும்போதே பச்சைப் பெட்டியை அழுத்திப் பாருங்கள், ஹால் கதவு திறக்க வேண்டும். பேட்டரியையும் கழற்றிவிட்டு ஸ்டோர் கதவை வெளியிலிருந்து இழுங்கள், திறக்கக் கூடாது. ஹைட்ரோவை முழு வேகத்தில் ஓடவிட்டு மெயினை இறக்கி, மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அசையக் கூடாது. மூன்றும் சரியாக வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.