கிரிக்கெட்டில் ஒரே வெஸ்ட் இண்டீஸ், கால்பந்தில் மட்டும் ஏன் தனித்தனித் தீவுகள்?

கேள்வியின் சாரம் இது: லாரா, கெயில் எல்லோரையும் வெஸ்ட் இண்டீஸ் என்ற ஒரே பெயரில் பார்த்துப் பழகியிருக்கிறோம். கால்பந்தில் மட்டும் ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் என்று பிரிந்து நிற்கிறார்கள். சேர்ந்து ஆடினால் உலகக் கோப்பையில் ஒரு கை பார்க்கலாமே?

சேர மாட்டார்கள். சேர்ந்தால் நஷ்டம்தான். சொல்லப்போனால் இதில் விசித்திரம் கால்பந்து இல்லை, கிரிக்கெட்தான். பிரிட்டிஷ் காலனிகள் எல்லாம் சேர்ந்து 1928-ல் ஒரே அணியாக டெஸ்ட் ஆட வந்தன. அதே தீவுகளை ஒரே நாடாக்கப் பார்த்த வெஸ்ட் இண்டீஸ் கூட்டரசு 1958-ல் பிறந்து 1962-லேயே கலைந்துவிட்டது. நாடு உடைந்தது, கிரிக்கெட் அணி மட்டும் தப்பித்தது. அதுவும் எப்போதும் இல்லை. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் கிரிக்கெட் வைத்தபோது ஜமைக்கா, பார்படோஸ், ஆன்டிகுவா எல்லாம் தனித்தனியாகத்தான் வந்தன.

கால்பந்தில் அப்படி ஒரு பழைய ஏற்பாடே கிடையாது. ஒவ்வொரு சங்கமும் தானே போய் ஃபிஃபாவில் சேர்ந்தது. தவிர, கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஹைட்டி, கியூபா, மார்டினிக், குராசாவ் எல்லாம் கால்பந்தில் உண்டு. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், டச்சு பேசுகிறவர்களை எந்தக் கொடியின் கீழ் சேர்ப்பீர்கள்?

இவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்ட போட்டிதான் கரீபியன் கோப்பை. 1989-ல் தொடங்கி 2017 வரை நடந்தது. பழைய கால்பந்துப் புள்ளிவிவரங்களை மேய்வது எனக்கு ஒரு பொழுதுபோக்கு, அதில் நான் அடிக்கடி போய் நிற்கிற இடம் இது. டிரினிடாட் 8 முறை, ஜமைக்கா 6 முறை. மிச்சமிருந்த நான்கை மார்டினிக், ஹைட்டி, கியூபா, குராசாவ் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டன. தீவுகளின் கோப்பை என்று பெயர்தானே தவிர, தென் அமெரிக்க நிலப்பரப்பில் இருக்கிற கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானாவும் ஆடின.

இரண்டாவது ஆண்டே வம்பு. 1990 ஜூலையில் டிரினிடாட்டில் போட்டி நடந்துகொண்டிருந்தபோது ஒரு ஆயுதக் குழு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையே பிணைக்கைதியாகப் பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சி நிலையமும் அவர்கள் கையில். போதாக்குறைக்கு ஆர்தர் என்ற புயல் வேறு. டிரினிடாட்டும் ஜமைக்காவும் மோத வேண்டிய இறுதி ஆட்டம் நடக்கவே இல்லை. அந்த ஆண்டுக்கு சாம்பியன் கிடையாது.

அப்புறம் அந்தப் பிரபலமான சேம் சைட் கோல். இதைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் யாராவது கேட்பீர்கள். பலர் இதைச் சூதாட்டம், மேட்ச் ஃபிக்ஸிங் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதெல்லாம் இல்லை, வெறும் கணக்கு.

1994 ஜனவரி 27. தகுதிச்சுற்றில் பார்படோஸும் கிரெனடாவும் பார்படோஸ் மண்ணில் மோதுகின்றன. குழுவில் மூன்றாவது அணி போர்ட்டோ ரிக்கோ. பார்படோஸ் அவர்களிடம் 0-1 என்று தோற்றிருந்தது, கிரெனடா அவர்களை 2-0 என்று வென்றிருந்தது. ஆகவே பார்படோஸ் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டுமானால் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஒரு கோல் வித்தியாசம் என்றால் ஜெயித்தும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஆண்டு அமைப்பாளர்கள் ஒரு புது விதி போட்டிருந்தார்கள். எந்த ஆட்டமும் டிராவில் முடியக் கூடாது. 90 நிமிடத்தில் சமநிலை என்றால் கூடுதல் நேரம். அதில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது, அந்தக் கோலுக்கு இரண்டு கோல் மதிப்பு.

பார்படோஸ் 2-0 என்று நிம்மதியாக இருந்தது. 83-வது நிமிடத்தில் கிரெனடா ஒன்று போட்டது, 2-1. இப்போது ஆட்டம் இப்படியே முடிந்தால் கிரெனடா உள்ளே. பார்படோஸ் கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்தது, கோல் விழவில்லை. அப்போதுதான் யாருக்கோ பொறி தட்டியிருக்கிறது: மிச்சமிருக்கும் சில நிமிடங்களில் எதிராளி வலையில் ஒரு கோல் போடுவதைவிட, நம் வலையில் நாமே ஒன்று போட்டு 2-2 ஆக்கிவிட்டால் கூடுதல் நேரம் முழுசாகக் கிடைக்கும், அங்கே ஒரு கோல் போட்டால் இரண்டாகக் கணக்கு. தடுப்பாட்டக்காரர் சீலியும் கோல்கீப்பர் ஸ்டவுட்டும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே இருந்து, 87-வது நிமிடத்தில் சீலி அதைத் தன் வலைக்குள்ளேயே உதைத்தார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த சில நிமிடங்கள்தான். கிரெனடாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்கள் எந்தப் பக்கம் கோல் போட்டாலும் போதும். பார்படோஸ் வலையில் போட்டால் 3-2 என்று வெற்றி. தங்கள் வலையிலேயே போட்டாலும் 2-3 என்று ஒரே கோலில்தான் தோல்வி, அதுவும் அடுத்த சுற்றுக்குப் போதும். ஆகவே பார்படோஸ் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் இரண்டு முனையிலும் நின்று இரண்டு வலைகளையும் காக்க வேண்டியதாயிற்று! காத்தும் விட்டார்கள். கூடுதல் நேரத்தில் தோர்ன் கோல் போட, கணக்கில் 4-2. பார்படோஸ் உள்ளே, கிரெனடா வெளியே. கிரெனடாவின் பயிற்சியாளர் கொதித்துப் போனார், கொதிக்காமல் என்ன செய்வார். ஆனால் ஒருவரும் விதியை மீறவில்லை, விதியே அப்படி. இவ்வளவு மெனக்கெட்டு உள்ளே போன பார்படோஸ் அடுத்த கட்டத்தில் குழுவோடு சரி. கோப்பையை வழக்கம்போல டிரினிடாட் தூக்கியது, இறுதியில் மார்டினிக்கை 7-2 என்று நசுக்கி.

மார்டினிக் பற்றிச் சொல்ல வேண்டும். மார்டினிக்கும் குவாடலூப்பும் சட்டப்படி பிரான்ஸின் மாவட்டங்கள். (1850-களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கூலிகளாகப் போன தமிழர்களின் சந்ததியினர் அங்கே இன்றும் இருக்கிறார்கள். குவாடலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போன ஒருவரின் பெயர் எர்னஸ்ட் முத்துசாமி.) ஃபிஃபாவில் இவர்களுக்கு இடமில்லை, வட்டாரச் சம்மேளனமான கான்ககாஃபில் உண்டு. ஆகவே கரீபியன் கோப்பை ஆட முடிந்தது, அதன் வழியாகக் கான்ககாஃபின் கோல்டு கோப்பைக்கும் போக முடிந்தது, உலகக் கோப்பைக்கு மட்டும் போக முடியாது. பிரான்ஸுக்காக 37 ஆட்டம் ஆடிய ஜோஸ்லின் ஆங்லோமா, பின்னால் தன் சொந்தத் தீவான குவாடலூப்புக்கு ஆடி, 41 வயதில் 2007 கோல்டு கோப்பை அரையிறுதி வரை கூடவே போனார். இதே ஆசையில், அவரைப் போலவே பிரான்ஸுக்கு ஆடிய புளோரன்ட் மலூடா 2017 கோல்டு கோப்பையில் பிரெஞ்சு கயானாவுக்கு இறங்க, அவருக்குத் தகுதியில்லை என்று சொல்லி, 0-0 என்று முடிந்த ஆட்டத்தை ஹோண்டுராஸுக்கு 3-0 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, நஷ்டம் என்றேனே, அது எப்படி? முதலாவது ஓட்டு. ஃபிஃபாவில் ஒரு சங்கத்துக்கு ஒரு ஓட்டு, பிரேசிலுக்கும் ஒன்றுதான், எரிமலை பாதித் தீவை விழுங்கிவிட்ட மொன்செராட்டுக்கும் ஒன்றுதான். கரீபியன் சங்கங்கள் சேர்ந்து ஓட்டுப் போட்டால் தலைவர் தேர்தலே திரும்பும். அந்த பலம் நாற்றமும் எடுத்தது. 2011-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஓட்டலில் சங்க நிர்வாகிகளுக்குத் தலா 40,000 டாலர் போட்ட கவர் கொடுத்த விவகாரம் வெடித்து, பல வருடம் அந்த வட்டாரத்தையே ஆட்டிப்படைத்த ஜாக் வார்னர் பதவி விலகினார். ஒரே அணியாகிவிட்டால் இருக்கிற எல்லா ஓட்டும் போய் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். எந்த நிர்வாகி சம்மதிப்பார்?

இரண்டாவது, ஆட்டக்காரனின் இடம். ஒரே அணி என்றால் 11 பேர். கிரெனடாவிலிருந்தோ டொமினிக்காவிலிருந்தோ ஒருவர் அதில் நுழைவதே பெரும்பாடு. கிரிக்கெட்டில் சின்னத் தீவுக்காரர்கள் ஆண்டாண்டு காலமாகப் புலம்பியது இதைத்தான். 1997 நவம்பரில் ஜமைக்கா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் மறுநாள் அரசு விடுமுறை விட்டார்கள். ஒட்டுப்போட்ட அணி ஒன்று தகுதி பெற்றால் எந்த அரசு லீவு விடும்?

2018-ல் கான்ககாஃப் நேஷன்ஸ் லீக் என்ற புதுப் போட்டி வந்ததோடு கரீபியன் கோப்பையை மூட்டை கட்டிவிட்டார்கள். பணமும் அட்டவணையும் அதில் ஒழுங்காக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்டை வீட்டுக்காரனை இறுதி ஆட்டத்தில் அடித்துக் கோப்பை தூக்கும் வாய்ப்பு போய்விட்டது. எனக்கு அது வருத்தம்தான்.

கடைசிக் கோப்பை 2017-ல் மார்டினிக்கில் நடந்தது. குராசாவ் 2-1 என்று ஜமைக்காவை வென்றது. ஒன்றரை லட்சம் சொச்சம் பேர் வாழும் தீவு, அணியில் பாதிக்கு மேல் நெதர்லாந்தில் வளர்ந்தவர்கள். 2025 நவம்பரில் அதே ஜமைக்காவின் கிங்ஸ்டன் மைதானத்தில், உலகக் கோப்பைக்குத் தகுதி பெற குராசாவுக்கு ஒரு டிரா போதுமானதாக இருந்தது. ஜமைக்கா மூன்று முறை கம்பத்தில் அடித்தது, கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியையும் வீடியோ நடுவர் ரத்து செய்தார். 0-0. மக்கள்தொகையில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மிகச் சிறிய நாடு என்ற பெயர் குராசாவுக்குப் போனது. அதே இரவில் ஹைட்டியும் தகுதி பெற்றது. ஒன்றாக ஆடியிருந்தால் இரண்டு இடமும் சேர்ந்து ஒன்றாகியிருக்கும்.